ஜோடிப் பயிற்சி

மருத்துவ உதவியாளர் பயிற்சியின் முதல் நாளே அவள் தாமதமாகப் போனாள். மகளைப் பள்ளியில் விட்டு, இரண்டு பேருந்து மாறி, மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது எல்லோரும் மேசைக்கு இருவராக உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி மேசையில் மட்டும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரி தலையை நிமிர்த்தினாள்.

நாத்தனார்.

விவாகரத்து ஆகி ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால் இப்போது உறவேதும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பழகிய நாக்கு அவ்வளவு சீக்கிரம் விவாகரத்து வாங்காது. கணவனாக இருந்தவனின் தங்கை. கல்யாணமாகவில்லை, பெற்றவர்கள் போன பிறகு அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். குடும்ப நீதிமன்றத்தில் கூண்டேறி, "எங்க அண்ணன் கோபக்காரர்தான், இல்லைங்கல. ஆனா பொம்பளை மேல கை நீட்டினது கிடையாது. அண்ணிக்குத்தான் வாய் அதிகம்" என்று கண்ணிமைக்காமல் சொன்னவள். அந்தச் சாட்சியம்தான் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தகப்பனிடம் அனுப்பி வைக்கும்படி தீர்ப்பில் எழுத வைத்தது.

"ஏம்மா நிக்கிற? உக்காரு" என்றார் பயிற்சி தருகிறவர். பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். "கடைசி வரைக்கும் இதே ஜோடிதான். பிரஷர் பாக்கறது, ஊசி போடறது, ரத்தம் எடுக்கறது, எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் பழகணும். சான்றிதழ் பரீட்சைலயும் பக்கத்துல இருக்கறவங்கதான் உங்க நோயாளி."

"எனக்கு வேற ஜோடி குடுங்க சிஸ்டர்" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. வகுப்பு சிரித்தது.

"ஏன், என்ன விஷயம்?"

"சொந்தம்" என்றாள் நாத்தனார்.

"சொந்தமில்லை" என்றாள் அவள்.

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை நீங்க பொறுக்கி எடுக்க முடியாது. உக்காருங்க ரெண்டு பேரும்."

அன்று வீட்டுக்கு வந்து சொன்னதும் அவளுடைய அக்கா கொதித்துப்போனாள். விவாகரத்துக்குப் பிறகு அவளும் மகளும் அக்கா வீட்டில்தான் இருந்தார்கள். "புத்துக்குள்ள கையை விட்டுட்டு ஜாதகம் பாக்கறியா? வேற இடத்துல சேர்ந்து தொலை."

"அவளுக்காக நான் ஏன்க்கா போகணும்? ஒரு வீட்டை விட்டுப் போனது போதும். இந்த நாற்காலியை விட்டுப் போக மாட்டேன்."

நாத்தனாரும் அதே பிடிவாதத்தில்தான் மறுநாள் வந்து உட்கார்ந்தாள். மேசையின் நடுவில் கோடு மட்டும்தான் கிழிக்கவில்லை.

எந்தச் சோதனைக்கு முன்பும் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு வரிசை உண்டு. பெயர், பிறந்த தேதி, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா, என்ன தொந்தரவு. அதைத் தவிர இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த வரிசைக்குள்ளேயே சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள்.

"உங்க முழுப் பேரு?"

அவள் அப்பாவின் இனிஷியலோடு சொன்னாள்.

"ரேஷன் கார்டுல வேற இனிஷியல் இருந்துச்சே?"

"அதை வெட்டி எடுத்தாச்சு. தையல் கூடப் போடல, தானா ஆறிடுச்சு."

"எதாவது ஒத்துக்காதா உங்களுக்கு?"

"ஒரு குடும்பம் ஒத்துக்கல. மருந்துல ஒண்ணும் இல்ல."

நாத்தனார் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினாள். தேவைக்கு மேலேயே ஏற்றினாள். "நூத்தி நாப்பது. அதிகமா இருக்கு. கோபம் ஜாஸ்தி போல."

"யார் பக்கத்துல உக்காந்திருக்கேன்கறதைப் பொறுத்தது."

வகுப்பில் இதய முதலுதவி பழகுவதற்கு ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. எத்தனை பேர் ஏறி நெஞ்சை அமுக்கினாலும் வாய் திறக்காத அதற்கு மாணவிகள் 'சித்தப்பா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைசி மேசையை விடச் சித்தப்பா மேசையில் பேச்சு அதிகம் என்று வகுப்பில் ஒரு கிண்டல் உலவியது.

ரத்தம் எடுக்கும் பயிற்சி வந்தது. பொம்மைக் கையில் பழகிய பிறகு ஜோடியின் கையில் எடுக்க வேண்டும். நாத்தனார் முதல் குத்தில் நரம்பைத் தவறவிட்டாள். இரண்டாவதிலும் தவறவிட்டாள்.

"நரம்பு ஓடுது" என்றாள்.

"உங்க கையைப் பாத்ததும் அதுக்கும் பழைய ஞாபகம் வந்திருக்கும்."

மூன்றாவது தடவை ரத்தம் வந்தது. முழங்கை மடிப்பு நீலம் பாரித்து வீங்கியது. அவள் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. அடுத்து அவள் முறை. நாத்தனாரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்து. எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலித்திருக்காது. சிஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாத்தனாரின் முகம் சிறுத்துப்போனது. குத்திக் குதறியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது. அது ஊசி போட்டவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அத்தனை மெதுவாக எடுத்தாள்.

பிறகு நோயாளியின் பின்னணி கேட்கும் வகுப்பு. கேள்விகள் அச்சடித்த தாளைப் பார்த்து ஒருத்தி கேட்க வேண்டும், மற்றவள் பதில் சொல்ல வேண்டும். பரம்பரை வியாதி, தூக்கம், பசி என்று வேகமாகப் படித்துக்கொண்டு வந்த நாத்தனார் ஒரு கேள்வியில் நின்றாள். சிஸ்டர் மேசைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார்.

"படிம்மா. அதைத்தான் எல்லாரும் முழுங்கிடறீங்க. ஒரு கேள்வியையும் விடக் கூடாது."

நாத்தனார் தாளைப் பார்த்தபடி படித்தாள். "வீட்டுல யாராவது உங்களை அடிக்கறாங்களா, மிரட்டறாங்களா?"

"இப்ப இல்ல. முன்னாடி அடிச்சாங்க."

"யாரு?"

"வீட்டுக்காரர்."

"யாராவது... பாத்தாங்களா?"

அந்தக் கேள்வி தாளில் இல்லை. நாத்தனாரின் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாத்தாங்க. சமையல்கட்டு வாசல்ல நின்னு பாத்துட்டு, கதவைச் சாத்திக்கிட்டாங்க."

நாத்தனார் தாளை மடித்து வைத்தாள். அன்று மாலை வகுப்பு விட்டபோது வாசலில் நாத்தனாருடைய அண்ணன் கார் நின்றிருந்தது. தினமும் அவன்தான் கொண்டுவந்து விடுவான், கூட்டிப்போவான். நாத்தனார் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அவன் கண் தன்னை உதறிவிட்டுப் போனவள் மேலேயே இருந்தது. அவள் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பேருந்துக்குக் காத்திருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் நாத்தனார் முழுக்கை ரவிக்கை போட்டு வந்தாள். ரத்தம் எடுக்கும் பயிற்சிக்குக் கையை மடித்துவிட மறுத்தாள்.

"முழுக்கைக்கு மேல பட்டை கட்டினா மார்க் போகும்" என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும்."

நாத்தனார் வெடுக்கென்று துணியை மேலே ஏற்றினாள். மேல்கையில், வெளிப்பக்கம் வரிசையாக நான்கு திட்டுகள். உட்பக்கம் தனியாக ஒன்று, பெருவிரல் அளவு. மஞ்சளும் கருநீலமுமாக.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அச்சு அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய கையிலும் அதே இடத்தில், அதே அகலத்தில் முன்பு பலமுறை பதிந்திருக்கிறது. முதலில் அவளுக்கு வந்தது இரக்கமில்லை. நல்லா வேணும் என்றுதான் நெஞ்சுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவள் அடக்கவும் இல்லை.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள் நாத்தனார்.

"அந்தக் கதவை எனக்கும் தெரியும். இத்தனை வருஷம் அதோடதான் குடித்தனம் பண்ணேன்."

"வாயை மூடு."

"அடிபட்ட கையில பட்டை கட்டக் கூடாது. இன்னொரு கையைக் காட்டுங்க."

பேச்சுச் சத்தம் கேட்டுச் சிஸ்டர் வந்துவிட்டார். பின்னாலேயே வகுப்பும் எட்டிப் பார்த்தது. "என்ன இது? யார் பண்ணது?"

நாத்தனார் சன்னலைப் பார்த்தாள். கீழே இன்னும் கார் வந்திருக்காது, ஆனாலும் பார்த்தாள். பிறகு திரும்பி, "இவதான்" என்றாள். "போன வகுப்புல பட்டையை வேணும்னே இறுக்கிக் கட்டினா. வலிக்குதுன்னு சொன்னேன், விடல."

யாரும் சாட்சி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. கடைசி மேசையின் பகை வகுப்பறைச் சுவருக்கே தெரியும். முன்மேசைக்காரி ஒருத்தி தன் கையைத் தானே தடவிக்கொண்டாள்.

நோயாளிக்கு வேண்டுமென்றே காயம் உண்டாக்கியவளுக்குச் சான்றிதழ் கிடையாது. விசாரணை முடியும்வரை அவள் யாரையும் தொடக் கூடாது என்று உத்தரவானது. மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது அவள் கைகட்டிச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்ததைப் போலவே இருந்தது. அதே ஆள், அதே கண்ணிமைக்காத பொய்.

"அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு வந்த. இன்னிக்கும் அப்படியே வரப் போறியா?" என்றாள் அக்கா.

விசாரணை நாளன்று நிர்வாகியின் அறையில் சிஸ்டரும் நாத்தனாரும் அவளும் இருந்தார்கள். நிர்வாகி நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் முன்னுரை வைக்காமல் பேசமாட்டார். நிறுவனத்தின் பெயர், பெற்றோரின் நம்பிக்கை, சேவை மனப்பான்மை என்று போய்க்கொண்டிருந்தார். அவள் இடையில் புகுந்தாள்.

"சார், ஒரு ரப்பர் பட்டை குடுங்க."

"எதுக்கும்மா?"

"என் கையில இவங்க கட்டட்டும். எவ்வளவு இறுக்கமா வேணுமோ கட்டட்டும். நான் வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன்."

நிர்வாகி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தன் பையிலிருந்து பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் கையை நீட்டினாள்.

நாத்தனார் முதலில் தயங்கினாள். பிறகு பட்டையை எடுத்து, பல்லைக் கடித்து, முழு பலத்தையும் கொடுத்து இழுத்துக் கட்டினாள். அந்தக் கட்டில் அவள் மேலிருந்த கோபம் மட்டும் இல்லை. யார் மேலோ இருந்ததெல்லாம் சேர்ந்திருந்தது. கை சிவந்தது, பிறகு கறுத்தது. விரல்கள் மரத்துப்போயின. சிஸ்டர்தான் பொறுக்காமல் எழுந்து பட்டையை அவிழ்த்தார்.

மேல்கையைச் சுற்றி வளையல் போட்டதுபோல் ஒரே தடம், எங்கும் அறுபடாமல்.

"பட்டை கட்டினா இப்படித்தான் வரும்" என்றாள் அவள். "அவங்க கையையும் பக்கத்துல வெச்சுக் காட்டச் சொல்லுங்க."

நாத்தனார் துணியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "காட்ட மாட்டேன்."

"யாரும் கட்டாயப்படுத்தல" என்றார் சிஸ்டர். "ஆனா நீ ஒருத்தி மேல பழி சொல்லியிருக்க. அதுக்குப் பதில் சொல்லணும்."

நாத்தனார் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "இவ பண்ணல" என்றாள்.

"அப்ப யாரு?"

"இவ பண்ணலன்னு சொல்லிட்டேன்ல. போதும்." எழுந்து போய்விட்டாள்.

அவள் மேலிருந்த குற்றச்சாட்டு தள்ளுபடியானது. பொய் சொன்னதற்காக நாத்தனாரை நீக்கிவிடலாமா என்று நிர்வாகி கேட்டபோது சிஸ்டர், "அவளை எங்க அனுப்பறீங்கன்னு யோசிச்சுட்டு அனுப்புங்க" என்றார். அதனால் கடைசி மேசையில் மறுபடியும் இருவரும் உட்கார்ந்தார்கள். இப்போது கேள்வி வரிசையில்கூடக் குத்தல் இல்லை. முன்பு சண்டை போட்டபோது இருந்த சூடாவது ஒரு பேச்சுவார்த்தைபோல இருந்தது. இது வெறும் பனிக்கட்டி.

சான்றிதழ் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்திருந்தார். ஒவ்வொரு ஜோடியாக ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார். நோயாளியாக உட்காருகிறவர் கேட்டதற்குப் பதில் சொல்லலாமே தவிர, ஜாடை காட்டக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது.

முதலில் நாத்தனார் முறை. எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். ஒரே குத்தில் ரத்தம் எடுத்தாள்; பஞ்சை வைத்து அழுத்தினாள். பிறகு நிம்மதியில் ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டு டியூப்களையும் கொண்டுபோய் எதிர்ச் சுவரோரத் தட்டில் வைத்தாள். பெயர்ச் சீட்டு ஒட்டவில்லை. நோயாளியை விட்டு நகர்வதற்கு முன் டியூபில் பெயரை ஒட்டியாக வேண்டும். ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பெயரில் போனால் உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு தவறுக்கு மன்னிப்பே கிடையாது என்று சிஸ்டர் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறார்.

நாத்தனார் எழுந்து நகர்ந்த அந்த நொடியில் சீட்டுகள் மேசைமேல் கிடப்பதை அவள் பார்த்தாள். ஒரு செருமல் போதும். பஞ்சை அழுத்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் சீட்டில்லாத டியூப்களை எடுத்துத் தனியாக வைத்தார். "சரி, இடம் மாறுங்க."

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. இடம் மாறும்போது, "பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்றாள் மூச்சுக்குள்.

"நோயாளி பேசக் கூடாது."

இப்போது அவள் கேட்கிறவள், நாத்தனார் நோயாளி. பெயர், பிறந்த தேதி, மருந்து, தூக்கம். நாத்தனார் ஒவ்வொன்றுக்கும் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். அடுத்து அந்தக் கேள்வி. பரீட்சையில் எல்லோரும் அதற்கு 'இல்ல' என்று சொல்லி அடுத்ததுக்குப் போவார்கள்.

"வீட்டுல யாராவது உங்களை அடிக்கறாங்களா, மிரட்டறாங்களா?"

"ஆமா."

பழி வாங்குகிறாள். தான் தோற்றதும் என்னையும் தடுமாற வைத்துத் தள்ளப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் பழி வாங்கும் களை எதுவும் இல்லை. மடிமேலிருந்த கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

'ஆமா' என்று பதில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பாடத்தில் இருந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது. நம்பாததுபோல் காட்டக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. அவள் நாற்காலியைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"யாருன்னு சொல்ல முடியுமா?"

"அண்ணன்."

"எவ்வளவு நாளா?"

"முன்னாடி வீட்டுல அண்ணி இருந்தாங்க. அவங்க போனதுக்கப்புறம்."

அதோடு அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். அவளால் முடியவில்லை. "அந்த அண்ணியை அடிச்சதை நீங்க பாத்திருக்கீங்களா?"

நாத்தனார் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "பாத்திருக்கேன். ஒரு தடவை இல்ல."

"அந்தக் கேள்வி பட்டியல்ல இல்லையே" என்றார் மருத்துவர்.

"இல்லை மேடம்."

"மார்க் குறையும்."

"குறையட்டும் மேடம்."

அவள் மீதியை ஒழுங்காகக் கேட்டாள். இன்னிக்கு வீட்டுக்குப் போனா ஆபத்து இருக்கா? இருக்கு. வேற தங்க இடம் இருக்கா? இல்ல. இதை சிஸ்டர்கிட்டயும் சொல்றேன், சம்மதமா? சம்மதம். பிறகு பட்டையைக் கட்டி, ரத்தம் எடுத்து, நகராமல் இருந்த இடத்திலேயே சீட்டுகளை ஒட்டினாள். வெளியே வந்து தாழ்வாரச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மருத்துவரும் சிஸ்டரும் உள்ளே நாத்தனாரிடம் வெகுநேரம் பேசினார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றுக்குச் சிஸ்டர் போன் போட்டார். நடுவில் நாத்தனார் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள்.

"நான் உனக்காக அதைச் சொல்லல" என்றாள்.

"தெரியும்."

"மன்னிப்புக் கேப்பேன்னு எதிர்பாக்காத."

"கேக்காத. கேட்டா குடுக்கணுமேன்னு இருக்கும்."

நாத்தனார் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பின்பக்கப் படிக்கட்டு வழியாகச் சிஸ்டர் நாத்தனாரை விடுதிக்குக் கூட்டிப்போனார்.

அவள் முன்வாசல் வழியாகத்தான் இறங்கினாள். கார் நின்றிருந்தது. அவன் இறங்கி வந்து வழியை மறித்தான்.

"என் தங்கச்சி எங்க?"

அவள் உடம்பு தன்னாலேயே ஓர் அடி பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலைக் கண்டதும் அவனுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புதான் அவளை நிறுத்தியது.

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். நோயாளி விஷயத்தை வெளியாள்கிட்ட சொல்லக் கூடாது."

"யாருடி வெளியாள்? நான் அவ அண்ணன்."

"அதையும் அவங்களே சொன்னாங்க. பரீட்சை எடுக்க வந்த டாக்டர் எழுதி வெச்சிருக்காங்க."

அவன் கை தோள் உயரத்துக்கு வந்தது. காவலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த மாணவிகள் அப்படியே நின்றார்கள். இத்தனை கண்களுக்கு நடுவே அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமுடியைக் கோதிக்கொண்டு இறங்கியது. அவன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

முடிவுகள் வந்தன. மார்க் குறைந்தாலும் அவள் தேறிவிட்டாள். நாத்தனார் தேறவில்லை. மறுபரீட்சைக்கு நோயாளியாக வந்து உட்கார முடியுமா என்று சிஸ்டர் அவளைத்தான் கேட்டார்.

"முடியாது சிஸ்டர்."

"அவ்வளவு நடந்ததுக்கப்புறமுமா?"

"அவ பாஸாகட்டும். அதுக்கு என் கை எதுக்கு?"

சிஸ்டர் வற்புறுத்தவில்லை. அவரே போய் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். நாத்தனார் முதலில் சீட்டை ஒட்டிவிட்டுத்தான் மூச்சே விட்டாளாம்.

குடும்ப நீதிமன்றத்தில் நாத்தனார் இன்னொரு வாக்குமூலம் கொடுத்தாள். கேட்கப் போன அக்கா திரும்பி வந்து, "இந்தத் தடவையும் கண்ணிமைக்காமத்தான் சொன்னா" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. அதற்காக அவள் நன்றி சொல்லி அனுப்பவில்லை, நாத்தனாரும் எதிர்பார்க்கவில்லை.

அவளுக்குத் தோல் மருத்துவர் ஒருவரிடம் வேலை கிடைத்தது. நாத்தனார் அதே சாலையின் கோடியில், சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் இருக்கிறாள். இருவருக்கும் ஒரே நிறுத்தம். சில மாலைகளில், சீருடையோடு, நிழற்குடையின் இரு முனைகளில் நிற்பார்கள். பேசிக்கொண்டதில்லை. பேருந்து வந்தால் ஒருத்தி முன்வாசலில் ஏறுவாள், மற்றவள் பின்வாசலில்.